தவசிக்கண்ணுவின் மேல்வரும்படி

வெள்ளக்கல் விலக்கு ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தவர்கள் யாரும் ரயில் பிந்தி வருகிறதே என்று வருத்தப்பட்டது கிடையாது. முந்தி வந்துவிட்டால்தான் திட்டுவார்கள். காரணம் கேட் கீப்பர் தவசிக்கண்ணு. சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குகிறபோதே பேச்சை ஏற்றிவிடுவார். ரயில் கடந்து, கேட் உயர்ந்து, பின்னால் நிற்கிற பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாலும், "இரும்யா, அந்த எருமை கிணத்துக்குள்ள எப்படிக் குட்டி போட்டுதுன்னு கேட்டுட்டுப் போவோம்" என்று முன்னால் நிற்கிறவன் நகர மாட்டான்.

அவர் பேச்சில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மேல்வரும்படி. அந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு ஆறு வண்டி. ஒவ்வொன்றுக்கும் கேட்டை மூடித் திறக்கிற வேலை போக, மிச்ச நேரமெல்லாம் வேப்பமர நிழலும் தவசிக்கண்ணும்தான். அந்த ஓய்வு நேரத்தில் தான் பார்த்த தொழில்களையும், அதில் கொட்டிய பணத்தையும், கொட்டிய பணத்தை அள்ள ஆள் கிடைக்காமல் தவித்ததையும் இருபத்தாறு வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளபடிக்கு ஓய்வு நேரத்தில் அவர் பார்த்த ஒரே வேலை, அடுத்த வண்டிக்கு நிற்கப்போகிறவர்களிடம் என்ன சொல்லலாம் என்று யோசிப்பது. இது சுற்றுவட்டாரம் பூராவுக்கும் தெரியும்.

தெரியாத வெளியூர்க்காரன் ஒருத்தன் ஒரு நாள் அந்தக் கேட்டில் வந்து நின்றான். முழுக்கக் கேட்டான். முழுக்க நம்பினான். ஊருக்குப் போன கையோடு மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டான். கேட் கீப்பர் ஒருவர் டூட்டி நேரத்தில் பலவிதத் தொழில்கள் செய்து ஏராளமாகச் சம்பாதிக்கிறார், இதைக் கேட்பார் இல்லையா என்று.

கேட்பார் இருந்தார்கள். விசாரணைக்குத் தேதி குறித்துத் தபால் வந்தது. தவசிக்கண்ணு ஓய்வு பெற இன்னும் ஏழே மாதம். குற்றம் நிரூபணமானால் வேலை போகும். அதோடு பென்ஷனும் போகும்.

விசாரணை அன்று காலையில் அவர் மனைவி பொன்னுத்தாய் சட்டைப் பித்தானை மாட்டிவிட்டபடி சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்களுக்கு ரெண்டே வார்த்தைதான் தெரியும். 'இல்லை சார்.' எங்க, சொல்லுங்க பாப்போம்."

"இல்லை சார்."

"இன்னொரு தடவை."

"ஏளா, நான் என்ன பச்சைப் பிள்ளையா? இந்த ரெண்டு வார்த்தையை வச்சே ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ்ல..."

"பாத்தீங்களா! மூணாவது வார்த்தை வந்துட்டு" என்றாள் பொன்னுத்தாய். கேட் ஓரத்துக் குவார்ட்டர்ஸ்தான் வீடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அரிவாள்மனையோடு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு ரயில்வே இன்ஸ்பெக்டர் ஞானமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிரிக்கவேண்டுமென்றால் மேலிடத்தில் எழுதிக் கேட்டுத்தான் சிரிப்பார் போலிருந்தது அவர் முகம். பின்னால் உட்கார்ந்து வந்தவர் குமாஸ்தா அம்பலவாணன்; மடியில் அட்டையும் ஒரு கட்டு வெள்ளைத்தாளும். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் விதியை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"தவசிக்கண்ணு, நீர் சொல்லுறதை உம்ம வாய்ச்சொல்லாவே அப்படியே எழுதுவாரு. ஒரு எழுத்து கூட்ட மாட்டாரு, குறைக்க மாட்டாரு. கடைசியில படிச்சுக் காட்டுவோம், நீர் கையெழுத்துப் போடணும். புரியுதா?"

"புரியுது சார்."

அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டிக்கு மணி அடித்தது. தவசிக்கண்ணு எழுந்து போய் முறைப்படி கேட்டை மூடிவிட்டு வந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. பால் கேன்களோடு மொபெட்டில் வந்த உச்சிமாகாளி முன்வரிசையில் இறங்கினார். தவசிக்கண்ணு வாயைத் திறந்தால் "பொய்" என்று முதலில் சொல்லுகிற ஆள் அவர்தான். பல வருஷமாக அந்த உரிமையை வேறு யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. கத்திரிக்காய்க் கூடையோடு சந்தைக்குக் கிளம்பிய ஆவுடைத்தங்கம் வேப்பமர வேரில் கூடையை இறக்கி வைத்து, அதன் பக்கத்திலேயே காலை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அந்த மொட்டை மனுவைப் பிரித்தார். "முதல் விஷயம். கேட் கம்பத்தில் ஊரார் துணிகளைக் காயப்போட்டுக் கூலி வாங்கியது. உண்டா?"

"இல்லை சார்."

ஜன்னலில் பொன்னுத்தாய் தலையை ஆட்டினாள்.

"ஓடுகிற ரயிலில் பயணிகளுக்கு முடி வெட்டியது?"

"இல்லை சார்."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சிமாகாளி மெதுவாகக் கேட்டார். "என்ன அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?"

தவசிக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பம்பூவைப் பார்த்தார். அப்படியே விட்டிருந்தால் காரியம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் கடமை தவறாதவர். எதையும் இரண்டு தடவை கேட்கிறவர்.

"முதல் விஷயத்துக்கே திரும்ப வாரேன். கேட் கம்பத்துல ஒரே நேரத்துல அஞ்சு வேட்டி காயப்போட்டதா மனுவுல விவரமா இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"எத்தனை?" என்றார் தவசிக்கண்ணு.

"அஞ்சு."

"அஞ்சா?"

"அஞ்சு வேட்டி."

தவசிக்கண்ணுவின் காது இரண்டும் சிவந்தன. எழுந்து நின்றுவிட்டார். "சார், பொய் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எந்த மடையன் சார் எழுதினது? அஞ்சு வேட்டின்னு நானா சொன்னேன்? ஏ உச்சிமாகாளி, நீரு சொல்லும். எத்தனை?"

"எங்கிட்டச் சொன்னது நூத்திருபது ஜமுக்காளம்" என்றார் உச்சிமாகாளி. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

ஜன்னலில் அரிவாள்மனை சத்தத்தோடு சாய்ந்தது.

"கேட்டீங்களா சார்? நூத்திருபது. அதுவும் நனைஞ்ச ஜமுக்காளம். கல்யாண மண்டபத்துக்காரன் கொண்டாந்து போட்டது. கேட்டை மூடி வச்சுக்கிட்டு வரிசையாத் தொங்கவிட்டேன். கம்பம் தரையோட வளைஞ்சு நிக்கு. சக்கரத்தைச் சுத்தினேன் பாருங்க, விருட்டுன்னு மேல போச்சு. எவ்வளவு உசரம்னு நினைக்கீங்க? கம்பத்து நுனி மேகத்தைத் தொட்டுட்டு."

"கம்பமே இருபது அடிதானே?" என்றார் இன்ஸ்பெக்டர். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டார்.

"இப்ப இருபது அடி சார். நூத்திருபது ஜமுக்காளம் பாரத்துல இழுத்து இழுத்து அன்னிக்கு நீண்டிருந்துது. பொறவு குளிர்காலத்துல சுருங்கிட்டு."

அம்பலவாணன் எழுதினார். "சுருங்கிட்டு" என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்தார்.

"மேகத்துல பட்டா நனைஞ்சுதானே போகும் வே?" இது உச்சிமாகாளி.

"அங்கதான் தொழில் நுணுக்கம். மேல போகும்போது மேகத்துல அலசல். கீழ இறங்கும்போது வெயில்ல காய்ச்சல். ஏத்தி இறக்கினா வெளுப்பு முடிஞ்சுது. சோப்புக் கிடையாது, கல்லு கிடையாது. ஒரு நாள் மழை விட்டு வெயில் அடிக்க நேரம். நான் பாட்டுக்கு ஒரு லோடு வெள்ளை வேட்டியை மேல ஏத்திட்டேன். குறுக்க வானவில்லு நிக்கிறதைப் பாக்கலை. எறக்கிப் பாத்தா அத்தனை வேட்டியிலயும் கரை! இந்த ஓரம் சிவப்பு, அந்த ஓரம் பச்சை. எலக்‌ஷன் நேரம் வேறயா, எல்லாக் கட்சிக்காரனும் வந்து வரிசையில நின்னுட்டான். அவனவன் கட்சிக் கலரு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் பாத்து வேட்டியைச் சாய்ச்சுக் கொடுத்தேன்."

"சார், 'சாய்ச்சு'ன்னே எழுதவா, 'சரித்து'ன்னு எழுதவா?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"அவர் சொன்னபடி எழுதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏங்க!" என்று ஜன்னலில் இருந்து ஒரு குரல் வந்தது. அந்த "ஏங்க"வில் ஏழு மாதமும் பென்ஷனும் இருந்தன. தவசிக்கண்ணுவுக்கு அது காதில் விழுந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். இதோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். செம்பைக் கீழே வைத்தபோது இன்ஸ்பெக்டர் மனுவின் அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலோரப் பயணிகள் மூணு பேருக்கு..."

"மூணு பேரா!" என்று கூட்டமே கேட்டது.

தவசிக்கண்ணு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மூணு பேருக்கு முடி வெட்ட எதுக்கு சார் ரயிலு? கயித்துக் கட்டில் போதுமே. பதினாறு பெட்டி எக்ஸ்பிரஸ். ஜன்னல் மட்டத்துக்குக் கத்திரியை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் சும்மா நிப்பேன். வண்டி ஓடும். தலைங்கதான் வந்து வந்து வெட்டிக்கிட்டுப் போகும். ஏசி பெட்டி மட்டும் கண்ணாடி மூடியிருக்கும். அதனாலதான் அந்தக் காலத்துல பணக்காரன் தலையெல்லாம் பரட்டையாக் கெடந்துது."

"ஒரு பக்கம்தானே வெட்டியிருக்கும்?" உச்சிமாகாளி விடவில்லை.

"மறுபக்கத்துக்குத்தான் திரும்பி வார வண்டி இருக்கே! போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். கூலியும் வரும்போதுதான். ஒரே ஒரு ஆளுதான் என்னை ஏமாத்தினது. போன ஊர்லயே பொண்ணு கட்டிக்கிட்டுத் தங்கிட்டான். இன்னிக்கு வரைக்கும் அவனுக்குப் பாதித் தலை கிராப்பு, பாதித் தலை கொண்டை. பொண்டாட்டி கேட்டா சாமிக்கு நேந்திருக்கேன்னு சொல்லுதானாம்."

ஆவுடைத்தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து மைல்கல்லில் உட்கார்ந்தார்.

"சவரம் உண்டா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு தடவைதான். வண்டி எட்டு நிமிஷம் முந்தி வந்துட்டு. கத்தி எடுக்க நேரமில்ல. கையில இருந்த பச்சைக் கொடியாலயே வழிச்சு அனுப்பினேன். கொஞ்சம் எரிச்சல் இருந்ததாச் சொன்னாங்க."

இப்போது அவரைப் பிடிக்க ஆள் இல்லை. மனுவை இன்ஸ்பெக்டர் படிப்பதற்குள் இவரே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சித்திரை வெயிலில் தண்டவாளத்தில் தோசை சுட்டதை எடுத்தார். இந்த முனையில் மாவை ஊற்றினால் சரிவில் ஓடி, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஒரே தோசை. ஒன்பது கிலோமீட்டர்.

"திருப்பிப் போடணுமே?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"எதுக்குத் திருப்பணும் தங்கச்சி? சூடான கூட்ஸ் சக்கரம் மேல ஏறிப் போனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல முறுகிரும். அந்த முனையில ஸ்டேஷன் மாஸ்டர் பிச்சுத் தின்னுட்டு வாராரு, இந்த முனையில நான் தின்னுட்டுப் போறேன். வாய்க்கால் பாலத்துல ரெண்டு பேரும் சந்திச்சோம். மிச்சத்தைச் சுருட்டி வித்தாச்சு. சாம்பாருக்கு ஒரு டேங்கர் வேணும்னு மேலிடத்துக்கு எழுதினேன். பதிலே இல்ல. அதோட அந்தத் தொழிலை விட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் கூட்ஸ் ஊதியது. தவசிக்கண்ணு பாதிப் பேச்சில் நிறுத்தினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பச்சைக் கொடியோடு போய் விறைப்பாக நின்றார். ஐம்பத்திரண்டு வேகனும் கடந்து, கடைசிப் பெட்டியில் கார்டு கொடி காட்டிப் போகிற வரைக்கும் அவர் கண் இப்படி அப்படி அசையவில்லை. அந்த வேலையில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு குறை யாரும் சொன்னதில்லை. பிறகு சக்கரத்தைச் சுற்றிக் கேட்டைத் திறந்தார்.

கேட் திறந்தும் ஒரு வண்டி நகரவில்லை. கிளப்பி வைத்திருந்த ஒன்றிரண்டு இன்ஜினையும் அணைத்துவிட்டார்கள். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

தவசிக்கண்ணு திரும்ப வந்து உட்கார்ந்தபோது நடையே மாறியிருந்தது.

"சார், இதெல்லாம் ஆரம்ப காலத்துச் சில்லறைத் தொழில். பொறவு ஒரு நாள் யோசிச்சேன். தொழில் பெருகிட்டு, ஓய்வு நேரம் பத்தலை. என்ன செய்ய? ஓய்வு நேரத்துல தொழில் பாக்கிறதை விட்டுட்டு, ஓய்வு நேரத்தையே தொழிலா ஆக்கிட்டா என்ன?"

"அப்படின்னா?" என்றார் இன்ஸ்பெக்டர். மனு அவர் கையிலிருந்து மடியில் இறங்கியிருந்தது. இந்த விஷயம் அதில் கிடையாது.

"பாசஞ்சர் ஒரு மணி நேரம் லேட்டா வருது. அந்த ஒரு மணி நேரம் எங்க சார் போச்சு? எங்கயும் போகலை. தண்டவாளத்து ஓரத்துல சிந்திக் கெடக்கும். யாரு குனிஞ்சு பாக்கா? நான் பாத்தேன். அள்ளி ஊறுகாய் ஜாடியில போட்டு, வாயைத் துணியால வேடு கட்டி வச்சேன்."

"பாக்க எப்படி இருக்கும்?" உச்சிமாகாளியின் குரலில் இப்போது சந்தேகம் குறைந்து ஆவல் கூடியிருந்தது. பால் வியாபாரி அல்லவா, கலப்படம் உண்டா என்று தெரிய வேண்டியிருந்தது.

"நெய் மாதிரி இருக்கும் வே. பாசஞ்சர் லேட்டு கொஞ்சம் கட்டி. எக்ஸ்பிரஸ் லேட்டு தெளிவு. கூட்ஸ் லேட்டுல மட்டும் நிலக்கரி வாடை அடிக்கும். பரீட்சைக்குப் போற பிள்ளைங்களுக்கு அரைக்கரண்டி. கடைசிப் பஸ்ஸை விடப் பாத்தவனுக்கு ஒரு கரண்டி. பெரிய காரியம்னா ஜாடியோட. இந்தா உக்காந்திருக்காளே ஆவுடைத்தங்கம், இவ மக கல்யாணத்துக்கு அப்படித்தான் குடுத்தேன்."

ஆவுடைத்தங்கம் நிமிர்ந்தாள்.

"முகூர்த்தம் ஒன்பதுல இருந்து பத்தரை சார். மாப்பிள்ளை வந்த வேன் டயர் வெடிச்சு, பதினொண்ணே காலுக்கு வந்து சேருதான். பொண்ணு அழுது. சொந்தக்காரங்க எல்லாம் செருப்பைத் தேடுதாங்க. நான் ஜாடியைக் கொண்டு போயி மணமேடையில வச்சு, வேடு கட்டின துணியை அவுத்தேன். பாக்கணுமே! மண்டபத்துக் கடியாரத்து முள்ளு பின்னால சுத்துது. ஆறிப்போன பாயசத்துல ஆவி கிளம்புது. அடுப்படியில அரிஞ்சு போட்ட கத்திரிக்காயெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, முழுசாகி, காம்போட எந்திரிச்சு நிக்கு. சமையக்காரன் அரிவாமனையைப் போட்டுட்டு ஓடுதான்!"

ஆவுடைத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏ அண்ணாச்சி, சும்மா இருக்கேன்னு அளக்கீங்களா? எம்மவ கல்யாணத்துல டயரும் வெடிக்கல, ஒண்ணும் வெடிக்கல. மாப்பிள்ளை எட்டரைக்கே வந்துட்டாரு. ஒன்பதரைக்குத் தாலி ஏறியாச்சு. நான்லா பக்கத்துல நின்னேன்!"

"கேட்டுக்கிட்டீங்களா சார்?" தவசிக்கண்ணு இரண்டு கையையும் விரித்தார். "சாட்சியே சொல்லிட்டு. ஒன்பதரைக்குத் தாலி ஏறிட்டு. பதினொண்ணே காலுக்கு வந்து இறங்கினவன், ஜாடி இல்லாம ஒன்பதரைக்கு எப்படி சார் தாலி கட்ட முடியும்? இவ மறந்தது இவ தப்பில்ல. திருப்பிச் சுத்தின நேரம்லா, ஞாபகத்துல நிக்காது."

டயர் வெடித்ததா இல்லையா என்று ஆவுடைத்தங்கத்துக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. உச்சிமாகாளி முதன்முறையாக "பொய்" என்று சொல்ல மறந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் ஞானமுத்து தொண்டையைச் செருமினார். இப்போது அவர் குரல் தணிந்திருந்தது. தணிந்த குரல்தான் ஆபத்து. "தவசிக்கண்ணு. அந்த ஜாடிக்கு எவ்வளவு கூலி வாங்கினீர்?"

தவசிக்கண்ணுவின் நாக்கு நுனியில் ஒரு தொகை வந்து நின்றது. நல்ல பெரிய தொகை. அந்தத் தாலுகாவில் யாரும் ஒரே இடத்தில் பார்த்திராத தொகை. அதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க!"

பொன்னுத்தாய் வீட்டை விட்டு இறங்கி வந்திருந்தாள். நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள். "சார், கொஞ்சம் வீட்டுக்குள்ள வந்து பாருங்க. இந்த மனுஷன் சம்பளத்துக்கு மேல ஒரு சல்லிக்காசு கொண்டாந்து நான் கண்டதில்ல. மழை பேஞ்சா ஒழுகுற இடத்துக்கு மூணு பாத்திரம் வைக்கேன். ஏராளமாச் சம்பாதிச்சவன் வீடா இது?"

"அந்த ஓட்டை, வானவில்லு உள்ள இறங்கட்டும்னு நான்தான்..."

"நீங்க பேசாம இருங்க!" அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "ஏழு மாசம் சார். இந்தப் பென்ஷன் வந்தாத்தான் எங்களுக்கு அடுப்பு எரியும். வாயால வேலையைத் தொலைச்சான்னு ஊரு சொல்லும்."

ஊர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் ஒழுகும் கூரையைப் பார்த்தார். பிறகு தவசிக்கண்ணுவைப் பார்த்தார். "இங்க பாரும். நீர் சொன்னது அத்தனையும் எழுத்துல வந்தாச்சு. ரெண்டு வழிதான் இருக்கு. இதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போட்டா, உம்ம வேலையும் பென்ஷனும் இன்னிக்கே போச்சு. பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா மனு தள்ளுபடி. அம்பலவாணன், எழுதும். 'நான் மேலே கூறியவை யாவும் பொய். ஓய்வு நேரத்தில் நான் எந்தத் தொழிலும் செய்யவில்லை. ஒன்றும் சம்பாதிக்கவில்லை.'"

அம்பலவாணன் தாள்கட்டைப் புரட்டினார். "கடைசித் தாள்தான் சார் இருக்கு. அதுலயும் முக்கால்வாசி ஜாடி வந்துட்டு." இண்டு இடுக்கில் நுணுக்கி நுணுக்கி அந்த மூன்று வரியை எழுதிப் பேனாவை நீட்டினார்.

தவசிக்கண்ணு பேனாவை வாங்கினார். கை அசையவில்லை.

பொய் என்று அவரிடம் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அதில் அவருக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. பொய் என்று எதிரே ஒருத்தன் சொன்னால்தான் பேச்சுக்கு ஒரு வேகம் பிறக்கும். ஆனால் அதை அவரே சொல்வதென்றால்? அதுவும் இத்தனை பேரை முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்தில்? நாளைக்குக் காலையில் கேட்டை இறக்கிவிட்டு இவர்கள் முகத்தைப் பார்த்து என்னத்தைப் பேச? மூன்றாவது வரி வேறு. ஒன்றும் சம்பாதிக்கவில்லை. பார்க்கப் பார்க்க அந்த எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் அது. மறுபக்கம் பொன்னுத்தாய், முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி.

உச்சிமாகாளி மெதுவாக முன்னால் வந்தார். "சார், ஒரு வார்த்தை. எல்லாமே பொய்னு போட வேண்டாம். முக்கால்வாசிப் பொய்னு போட்டா ஆகாதா?"

"முக்கால்வாசி பொய்யின்னா, மிச்சம் கால்வாசிக்கு வேலை போகும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்த ஜாடியை மட்டுமாவது விட்டுருங்க சார்" என்றாள் ஆவுடைத்தங்கம். "எம்மவ கல்யாணம்லா."

இன்ஸ்பெக்டர் தலையை அசைத்துவிட்டார். முடியாது.

தவசிக்கண்ணு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை மிச்சமிருந்தது. "சார், கையெழுத்துக்கு மேல என் கைப்பட ஒரு வரி சேர்த்துக்கலாமா? விதியில இடம் உண்டா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "உம்ம வாக்குமூலம். நீர் சேர்க்கலாம். ஆனா மேல இருக்கிற மூணு வரியை அடிக்கப்படாது."

"ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன்."

தாளை முட்டில் வைத்துக்கொண்டு அவர் எழுதினார். மெதுவாக, வரி கோணாமல், ஓரம் முட்டுகிற வரைக்கும் எழுதினார். கீழே கிடைத்த கொஞ்ச இடத்தில் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டுவிட்டு எழுந்து, தாளை இரண்டு கையாலும் நீட்டினார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வாங்கி வாய்க்குள் படித்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

"'நான் மேலே கூறியவை யாவும் பொய். ஓய்வு நேரத்தில் நான் எந்தத் தொழிலும் செய்யவில்லை. ஒன்றும் சம்பாதிக்கவில்லை. ஆனால் நிஜமாக நடந்தது இதைவிட ரொம்பப் பெரிது. தாள் பற்றாததால் எழுதவில்லை. இப்படிக்கு, தவசிக்கண்ணு, கேட் கீப்பர், வெள்ளக்கல் விலக்கு.'"

வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. அவ்வளவு சத்தம். உச்சிமாகாளி பால் கேனைத் தட்டினார், பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார், பொன்னுத்தாய் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஞானமுத்து சத்தம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஓரத்தில், 'மேல்வரும்படி இல்லை. மனு தள்ளுபடி' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். தாள்களை அடுக்கிக் கட்டி அம்பலவாணன் கையில் கொடுத்தார்.

"இத்தனை பக்கத்துல நீர் சொன்ன நிஜம் ஒண்ணே ஒண்ணுதான் வே" என்றார் தவசிக்கண்ணுவிடம், மோட்டார் சைக்கிளை உதைத்தபடி. "தாள் பத்தலை."